கலக் கருவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கருவின் படம் நன்றாக வருமா வராதா என்பது, இழையத்தை வெட்டியெடுத்த முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த நிமிடங்கள் இங்கே, திருகோணமலையில், உங்கள் கையில். நுணுக்குக்காட்டி இருப்பது பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால். புதிதாக வருகிறவர்கள் கருவிக்கு நேரம் பதிவதில் காட்டும் அக்கறையை மாதிரி எடுக்கும் காலைப்பொழுதில் காட்டுவதில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் முற்பகுதி நீளமாகவும் பிற்பகுதி சுருக்கமாகவும் இருக்கும்.

1. எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"கருவைப் பார்க்க வேண்டும்" என்பது போதாது. கருவுறையும் கருத்துளைகளும் வேண்டுமா? கருவுக்குள் அடர்த்தியாகத் தெரியும் புன்கருவின் உட்பகுதிகளா? குரோமற்றின், அதாவது டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த பொருள், எப்படிப் பரவியிருக்கிறது என்பதா? அல்லது ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்பதா? ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு.

மென்சவ்வு தெளிவாக வேண்டுமென்றால், கொழுப்பைக் கறுப்பாக்கும் ஒஸ்மியம் என்ற இரசாயனம் கட்டாயம். ஆர்.என்.ஏ. இருக்கும் பகுதிகளைக் குரோமற்றினிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ஒஸ்மியம் படவே கூடாது. புரதத்தைத் தங்கத் துகள் கொண்டு அடையாளமிடுவதென்றால் நிலைப்படுத்தியும் (இழையத்தைக் கெடாமல் பிடித்து வைக்கும் கரைசல்) ரெசினும் (துண்டைப் புதைத்து இறுக்கும் பிசின்) கிரிட்டும் (சீவலைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) எல்லாமே மாறும். அதை இங்கே எடுக்கவில்லை. ஒஸ்மியம் பட்ட துண்டை மீட்க முடியாது என்பதால், எடுக்கும் துண்டுகளை முதல் நாளே இரண்டு குப்பிகளாகப் பிரித்துவிடுங்கள்: ஒன்று ஒஸ்மியத்துக்கு, மற்றது அது படாமல்.

இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது டி.இ.எம்., அதாவது இலத்திரன்கள் சீவலை ஊடுருவிச் செல்லும் ஊடுகடத்தல் வகை. எஸ்.இ.எம். என்பது மேற்பரப்பைக் காட்டும் கருவி. கலத்துக்குள்ளே இருக்கும் கருவை அதில் சாதாரணமாகப் பார்க்க முடியாது. பதிவுப் படிவத்தில் "இலத்திரன் நுணுக்குக்காட்டி" என்று மட்டும் எழுதிவிட்டு, போய் எஸ்.இ.எம். முன்னால் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

2. மாதிரியைத் தெரிவு செய்தல்

முதல் முயற்சிக்குச் சின்ன வெங்காயத்தின் வேர்நுனி நல்லது. ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் வெங்காயத்தை வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை. நுனியில் கலங்கள் சிறியவை, கரு பெரியது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பாடப்புத்தகத்தில் கருவுறையை ஒட்டிக் கறுப்பாக ஒரு விளிம்பு இருக்குமே, அது விலங்குக் கலத்தின் படம். வெங்காயத்தின் மரபணுத்தொகுதி மிகப் பெரியது. அதன் குரோமற்றின் கரு முழுவதும் வலைபோல் பரவிக் கிடக்கும். விளிம்பு இல்லையே என்று நிலைப்படுத்தலைக் குறை சொல்லி, நல்ல பிளாக்கை (ரெசினில் இறுக்கிய துண்டை) தூக்கி எறிய வேண்டாம்.

விலங்குக் கலம்தான் வேண்டுமென்றால் ஈரல் சிறந்தது. கரு உருண்டையாக இருக்கும், புன்கரு தெளிவாகத் தெரியும். கோழியின் அல்லது மீனின் செங்குருதிக் கலத்திலும் கரு உண்டு; எடுப்பதும் சுலபம். ஆனால் அதன் குரோமற்றின் இறுகிப் போயிருக்கும், புன்கருவைத் தேடிக் களைத்துப்போவீர்கள். உயிருள்ள விலங்கிலிருந்து எடுப்பதற்கு உங்கள் நிறுவனத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

மீன் சந்தையிலிருந்து ஈரல் வாங்கி வருவதை மட்டும் செய்யாதீர்கள். பிடித்துச் சில மணி நேரமான மீன் கறிக்கு நல்ல மீன்தான். நமக்கு அது பழையது. இரத்த ஓட்டம் நின்ற கொஞ்ச நேரத்திலேயே குரோமற்றின் கட்டிகட்டியாகத் திரளத் தொடங்கும்.

3. மாதிரி எடுப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

இலத்திரன் நுணுக்குக்காட்டித் தரத்திலான குளூட்டரால்டிஹைட், அடைத்த அம்பியூலில். மருத்துவமனைக் கருவிகளைத் தொற்றுநீக்க வைத்திருக்கும் குளூட்டரால்டிஹைட் இதற்கு உதவாது. அதில் மூலக்கூறுகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்திருக்கும். மஞ்சள் ஏறிய கரைசலும் அப்படித்தான்.

கடையில் விற்கும் ஃபோர்மலினில் மெதனோல் கலந்திருக்கும். ஆகவே பராஃபோர்மல்டிஹைட் தூளை 60 பாகைக்குச் சூடாக்கிய நீரில், சோடியம் ஐதரொட்சைட்டு சில துளி விட்டுக் கரைத்து, அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

பஃபர் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்): 0.1 மோலர் சோடியம் கக்கோடைலேற்று, பி.எச். 7.2 முதல் 7.4 வரை. இதில் ஆர்சனிக் உண்டு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பொசுபேற்றுப் பஃபரும் பயன்படும், மலிவு. ஆனால் பின்னால் சாயமிடப் பயன்படும் யுரேனைலோடு சேர்ந்தால் வீழ்படிவாகும் என்பதால் கழுவுவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

கொட்டியாரக் குடாவிலிருந்து மட்டி, கடல் முள்ளி போன்றவற்றை எடுத்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடல்நீரின் சவ்வூடுபரவற் செறிவு ஏறத்தாழ 1000 மில்லி ஒஸ்மோல். முள்ளந்தண்டில்லாத கடல் உயிரிகளின் உடல் திரவமும் அதற்குக் கிட்டவே இருக்கும். சுறாவும் திருக்கையும் அப்படித்தான். முள்ளுள்ள சாதாரண மீன்களில் அது 300 சுற்றுவட்டாரம். 0.1 மோலர் பஃபர் இவை எல்லாவற்றையும்விட ஐதானது. அதில் மட்டியைப் போட்டால் கலம் ஊதி, கருவுறையின் இரண்டு மென்சவ்வுகளும் விலகிப் பலூன்போல் ஆகிவிடும். சுக்குரோசோ உப்போ சேர்த்துச் செறிவைச் சரிசெய்யுங்கள். கழுவும் பஃபரிலும் அதே அளவு இருக்க வேண்டும். குளூட்டரால்டிஹைட் பட்ட பிறகும் மென்சவ்வுகள் நீரை உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியாக: புதிய சவர பிளேட், பல் மெழுகுத் தகடு, பென்சில், தடித்த தாள். பேனா வேண்டாம், எதனோலில் மை போய்விடும்.

4. நிலைப்படுத்தல்

கலவை: 2.5 சதவீதக் குளூட்டரால்டிஹைட், 2 சதவீதப் பராஃபோர்மல்டிஹைட், மேலே சொன்ன பஃபரில். பராஃபோர்மல்டிஹைட் விரைவாக உள்ளே போகும், ஆனால் பிடி தளர்வு. குளூட்டரால்டிஹைட் மெதுவாகப் போகும், பிடித்தால் விடாது. இரண்டும் சேர்ந்தால்தான் நடுப்பகுதியிலும் கரு கெடாமல் இருக்கும்.

மெழுகுத் தகட்டில் ஒரு பெரிய துளி நிலைப்படுத்தியை முதலில் விடுங்கள். இழையம் அந்தத் துளிக்குள் போன பிறகுதான் வெட்டு. இரண்டு பிளேட்டுகளை எதிரெதிர்த் திசையில் இழுத்து வெட்ட வேண்டும். "சேர், ஒரு பிளேட் காணாதா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். ஒரு பிளேட்டால் அழுத்தினால் ஈரல் நசுங்கும். நசுங்கிய கலத்தின் கரு நீண்டு ஒடுங்கி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நோயின் அறிகுறி என்று ஆய்வறிக்கையில் எழுதுவார்கள். பிளேட்டில் பூசி வரும் எண்ணெயை எதனோலால் துடைத்துவிடுங்கள்.

துண்டு ஒரு பக்கமாவது 1 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். இதில் சலுகை இல்லை. பெரிய துண்டின் வெளிப்பக்கம் மட்டுமே நிலைப்படும், நடுப்பகுதி அதற்குள் தன்னைத்தானே செரித்துவிடும். நிலைப்படுத்தியின் அளவு இழையத்தைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும்.

வேர்நுனியில் வேறு சிக்கல்: காற்று. கலங்களுக்கிடையே காற்று இருப்பதால் துண்டு மிதக்கும். மிதக்கும் துண்டின் மேல்பக்கம் நிலைப்படாது. வெற்றிடப் பம்பி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாயில் நிலைப்படுத்தியையும் வேர்நுனிகளையும் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, கையுறை போட்ட விரலால் முனையை அடைத்து, பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். வெட்டு வாயிலிருந்து மெல்லிய குமிழிகள் சரம் சரமாக வரும். மெதுவாக விடுங்கள், மறுபடி இழுங்கள். எல்லாத் துண்டும் தானாக அடியில் போய் உட்காரும்வரை செய்யுங்கள்.

பிறகு அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம், அப்புறம் 4 பாகையில் இரவு முழுவதும். நம் ஊரில் "அறை வெப்பநிலை" என்பது கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 33, 34 பாகையாக இருக்கும். செய்முறைக் குறிப்புகள் சொல்வது 20, 25 பாகையை. குளிரூட்டிய அறையில் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு தட்டில் குளிர்ந்த நீரை ஊற்றி அதில் குப்பியை நிறுத்துங்கள்.

5. கழுவுதலும் பயணமும்

பஃபரில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். மீந்த குளூட்டரால்டிஹைட் அடுத்த கட்டத்தில் ஒஸ்மியத்தைச் சந்தித்தால், மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இழையம் முழுவதும் வரும். அதைத் துடைக்க வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் பயணம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒஸ்மியத்துக்கு முன், கழுவிய பின். கழுவிய துண்டு பஃபரில் 4 பாகையில் சில நாள் தாங்கும். வாரக்கணக்கில் வைத்தால் கலத்திலிருந்து பொருள்கள் கசிந்துபோகும். ஒஸ்மியத்தை இங்கே முடித்துவிட்டுப் போகலாமே என்று நினைக்க வேண்டாம். அந்த இரசாயனத்தையோ அதன் கழிவையோ பேருந்தில் எடுத்துச் செல்ல முடியாது, எடுத்துச் செல்லவும் கூடாது.

குப்பியை விளிம்புவரை பஃபரால் நிரப்புங்கள். பாதி நிரப்பினால் ஹபரணை தாண்டுவதற்குள் துண்டு மூடியில் ஒட்டிக் காய்ந்துவிடும். ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போடலாம், ஆனால் குப்பி ஐஸைத் தொடக் கூடாது. துவாயில் சுற்றி நடுவில் வையுங்கள். குளிரட்டும், உறையக் கூடாது. உறைந்தால் பனிப்பளிங்குகள் கருவைக் குத்திச் சல்லடையாக்கும். உப்புப் போட்ட மீன் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும், அதைத் தவிருங்கள்.

பென்சிலால் எழுதிய தாள்துண்டு ஒன்று குப்பிக்கு உள்ளேயும் இருக்கட்டும். வெளியே ஒட்டியது ஐஸ் நீரில் போய்விடும்.

6. ஒஸ்மியமும் யுரேனைலும்

அதே பஃபரில் 1 சதவீத ஒஸ்மியம் ரெற்றொக்சைட்டு, ஒரு மணி நேரம், புகை உறிஞ்சும் அறைக்குள். இதன் ஆவி கண்ணின் வெண்படலத்தையும் நிலைப்படுத்தும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கழிவை எண்ணெய் ஊற்றிச் செயலிழக்கச் செய்வார்கள். இங்கே நம்மவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அது சரிவராது. ஒஸ்மியம் பிடித்துக்கொள்வது நிரம்பாத கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளை. தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு. சோள எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ கழிவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றிக் கலக்குங்கள். கறுத்தால் வேலை செய்கிறது என்று பொருள். பிறகு அதை அந்த ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவில் சேருங்கள்; தொட்டியில் ஊற்றக் கூடாது.

துண்டுகள் கரிபோல் கறுத்திருக்க வேண்டும். ஒன்றைத் தியாகம் செய்து குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் மண்ணிறமாக இருந்தால் துண்டு பெரிது.

ஒஸ்மியம் கொழுப்பைத்தான் கறுப்பாக்குகிறது. நியூக்கிளிக்கமிலத்தோடு அதற்கு ஒட்டுறவு குறைவு. ஆகவே ஒஸ்மியத்தோடு நிறுத்தினால் மென்சவ்வுகள் அருமையாகவும் கரு வெளிறியும் இருக்கும். கருவுக்காக உழைப்பவர்கள் அடுத்ததாக 1 அல்லது 2 சதவீத யுரேனைல் அசற்றேற்றில் துண்டை ஒரு மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். அது நியூக்கிளிக்கமிலத்தின் பொசுபேற்றுக் கூட்டங்களைப் பிடிக்கும். அதற்கு முன் பஃபரை நீரால் நன்றாகக் கழுவுங்கள். இருட்டு எதற்கென்றால், வெளிச்சத்தில் யுரேனைல் வீழ்படிவாகும்.

7. நீரகற்றலும் ரெசினும்

எதனோல் 30, 50, 70, 90 சதவீதம், ஒவ்வொன்றும் 10 நிமிடம். பிறகு 100 சதவீதம் மூன்று முறை. திடீரென்று 100க்குப் போனால் கலம் சுருங்கும். ஈரப்பதம் உள்ள கரையோரக் காற்றில் திறந்த எதனோல் போத்தல் 100 சதவீதமாகவே இருப்பதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கடைசி மாற்றத்துக்குப் புதிதாகத் திறந்த போத்தல், அல்லது நீரை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள் போட்ட எதனோல்.

பிறகு புரொப்பிலீன் ஒக்சைட்டு, ரெசினோடு ஒன்றுக்கு ஒன்று, பின் தூய ரெசின் இரவு முழுவதும், அச்சில் ஊற்றி 60 பாகையில் 48 மணி நேரம். வேர்நுனிக்குப் பிசுக்குமை குறைந்த ஸ்பர் ரெசின் பொருந்தும். பிரிட்ஜிலிருந்து எடுத்த ரெசின் பொருள்களை அறை வெப்பநிலைக்கு வருமுன் திறந்தால் ஈரம் உள்ளே படியும், பிளாக் இறுகாது. நகத்தால் கீறினால் தடம் விழும் பிளாக்கை வெட்ட முடியாது.

8. சீவல்

முதலில் அரை முதல் 1 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, தொலுயிடின் நீலத்தில் சாயமிட்டு, சாதாரண நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கருக்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகு பிளாக்கின் முகத்தைச் செதுக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நாள் முழுவதும் டி.இ.எம்.மில் வெறும் ரெசினைப் பார்ப்பார்கள்.

மென்சீவலை வைரக் கத்தியில் அந்தக் கூடத்தின் தொழினுட்பவியலாளர் வெட்டித் தருவார். பக்கத்தில் நின்று நிறத்தை மட்டும் கவனியுங்கள். கத்தியின் நீர்த்தொட்டியில் மிதக்கும் சீவல் வெள்ளி நிறமென்றால் ஏறத்தாழ 60 முதல் 90 நானோமீற்றர், அது வேண்டும். பொன்னிறமென்றால் அதற்கு மேல். கருத்துளையின் விளிம்பு மங்கும். சாம்பல் நிறமென்றால் மிக மெல்லியது, மாறுபாடு (கறுப்பு வெள்ளை வேறுபாடு) குறையும்.

9. சாயமிடல்: இரண்டு வழி

பொதுவழி: 2 சதவீத யுரேனைல் அசற்றேற்று 10 நிமிடம், நீரில் கழுவல், பிறகு ஈய சித்திரேற்று 3 முதல் 5 நிமிடம். ஈயக் கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் தொட்டால் வெண்படிவு விழும். மூடிய தட்டுக்குள் சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள் நாலைந்தை வைத்து, துளியின் மேல் கிரிட்டைக் கவிழ்த்துங்கள். குனிந்து மூச்சு விடாதீர்கள்.

மற்ற வழி, பேர்ன்ஹார்ட் என்ற ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட ஈ.டி.டி.ஏ. (உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் சேர்மம்) முறை. கருவில் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். ஏனோ பலர் தொடுவதில்லை. ஒஸ்மியம் படாத குப்பியை ஒதுக்கி வைத்தோமே, அது இதற்குத்தான். அதன் சீவல்களுக்கு 5 சதவீத யுரேனைல் 1 நிமிடம், கழுவல், 0.2 மோலர் ஈ.டி.டி.ஏ., பி.எச். 7, கழுவல், ஈய சித்திரேற்று 1 நிமிடம். ஈ.டி.டி.ஏ. குரோமற்றினிலிருந்து யுரேனைலை முதலில் உருவியெடுக்கும். ஆர்.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த பகுதிகள் அதை விட்டுக்கொடுக்கத் தாமதிக்கும். அந்த இடைவெளியில் நிறுத்தினால் குரோமற்றின் வெளிறியும் புன்கரு கறுத்தும் நிற்கும்.

எவ்வளவு நேரம் என்பது இழையத்துக்கு இழையம் மாறும். 15, 30, 45 நிமிடம் என்று மூன்று கிரிட்டுகளை வரிசையாக விட்டுப் பாருங்கள். குறைத்தால் எல்லாம் கறுப்பு, கூட்டினால் எல்லாம் வெளிறல்.

10. கருவியின் முன்னால்

80 கிலோவோற்று போதும். மின்னழுத்தம் கூடினால் உயிரிழையத்தின் மாறுபாடு குறையும். கற்றையை முதலில் விரித்து வைத்துச் சீவலைப் பழக விடுங்கள். எடுத்த எடுப்பில் குவித்தால் கிழியும்.

உருப்பெருக்கம் குறைவாக, 1500 மடங்கில் ஒரு பொதுப் படம். 4000, 5000இல் முழுக் கரு. 25,000க்கு மேல் கருவுறையும் துளையும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொதுப் படம் இல்லாமல் எடுத்த துளையின் படம் எந்தக் கலத்துடையது என்று ஊருக்கு வந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. அளவுகோல் பதிந்த டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கம் நுண்மணிகளைக் கரைத்துவிடும்.

அழகான கருவை மட்டும் தேடிப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கிரிட்டின் ஒரு சதுரத்தைத் தெரிவு செய்தால் அதில் விழும் எல்லாக் கருவையும் எடுங்கள். 7 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள கருவில் 70 நானோமீற்றர்ச் சீவல் என்பது நூறில் ஒரு பங்கு. ஒரு சீவலில் புன்கரு இல்லையென்றால் கத்தி அதன் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். "புன்கரு அற்ற கரு" என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

11. எது எது

கருவுறை: இரண்டு கோடுகள், நடுவே வெளிறிய இடைவெளி. வெளிக்கோட்டில் இரைபோசோம் மணிகள் ஒட்டியிருக்கும். இரண்டு கோடுகளும் சேர்ந்து முடியும் இடம் கருத்துளை. குறுக்கு வெட்டில் அது இடைவெளியாகத் தெரியும், அதன் உள்பக்கத்தில் கறுத்த குரோமற்றின் விலகி வழிவிட்டிருக்கும். கருவின் மேற்பரப்பைத் தடவிச் சென்ற சீவலில் அதே துளை ஏறத்தாழ 120 நானோமீற்றர் அகல வளையமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். தடவிய சீவலில் கருவுறை மங்கலாக இருப்பதும் இயல்பு. அங்கே உறை உடையவில்லை.

புன்கரு: மென்சவ்வு கிடையாது. விலங்குக் கலத்தில் வெளிறிய நார்மையங்கள், அவற்றைச் சுற்றிக் கறுத்த அடர்நார்ப் பகுதி, வெளியே மணிப் பகுதி என மூன்றும் பிரிந்து தெரிந்தால் நிலைப்படுத்தல் தேறியது என்று வைத்துக்கொள்ளலாம். ஈ.டி.டி.ஏ. சீவலில் குரோமற்றினுக்கிடையே 20 முதல் 25 நானோமீற்றர் மணிகளின் கூட்டங்களையும் தேடுங்கள்.

12. கெட்ட படத்திலிருந்து காரணத்தைப் பிடிப்பது

இரண்டு மென்சவ்வும் ஊதி விலகியிருந்தால் பஃபரின் செறிவு, அல்லது தாமதம். குரோமற்றின் கட்டியாகி, சுற்றிலும் வெள்ளையாகக் காலியாக இருந்தால் தாமதமேதான். இழையத்தின் மேல் மட்டும் நுண்ணிய கரும்பொடி, வெறும் ரெசினில் இல்லை என்றால் ஒஸ்மியத்துக்கு முன் கழுவியது போதவில்லை. ரெசின், இழையம் என்ற பேதமில்லாமல் உருண்டைக் கறைகள் கிடந்தால் ஈயக் காபனேற்று. ஊசி ஊசியாக இருந்தால் யுரேனைல். நேரான நீண்ட கோடுகள் கத்தியின் வடு. அதற்குக் குறுக்கே ஒரே சீராக இருண்டும் வெளிறியும் வரும் பட்டைகள் கத்தி அதிர்ந்ததால் வந்தவை.

கறையும் கத்தி வடுவும் புதுச் சீவலால் தீரும், பிளாக்கை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். முதலில் சொன்ன மூன்றுக்கும் இன்னொரு பிளாக் வெட்டிப் பயனில்லை. வெங்காயத்தை மறுபடி தண்ணீரில் வைக்க வேண்டியதுதான்.